கொங்கு வெயிலில் வளரும் வீனஸ் ஃபிளைட்ராப்புக்கும் சராசினியாவுக்கும் குளிர்கால உறக்கம் கொடுப்பது எப்படி: முழு வழிகாட்டி

இலையையே பொறியாக்கிப் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃபிளைட்ராப்பை வளர்ப்பவர்கள் பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். முதல் வருஷம் அருமையாக இருந்தது, அடுத்த வருஷம் பொறிகள் சிறுத்துப்போயின, அதற்கடுத்த கோடையில் செடியே இல்லை. தண்ணீர், மண், வெயில் மூன்றும் சரியாக இருந்தும் இப்படி ஆனால், அந்தச் செடிக்குக் குளிர்காலம் கிடைக்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்தச் செடியின் சொந்த ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சதுப்பு. அங்கே டிசம்பரில் பகல் ஏறக்குறைய 10 மணி நேரம்தான். இரவில் நீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கும் நாட்களும் உண்டு. கோவையில் வருஷத்தின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மார்கழி இரவிலும் வெப்பமானி 18, 19 டிகிரியைச் சுற்றியே நிற்கும். நமக்குப் போர்வை தேவைப்படும் அந்தக் குளிர் செடிக்கு ஒரு பொருட்டே இல்லை. அது ஓய்வில்லாமல் இலை விட்டுக்கொண்டே இருக்கும், கிழங்கில் சேர்த்த மாவுச்சத்து கரைந்துகொண்டே போகும்.

ஆகவே குளிரை நாம்தான் கையால் கொடுக்க வேண்டும். கொடுப்பது கடினமில்லை. புதியவர்களிடம் செடி சாவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான்: வளர்ச்சியில் இருக்கும் செடியைத் திடீரென ஃபிரிட்ஜில் வைப்பது, மூன்று மாதம் கழித்து எடுத்து நேராக மொட்டை மாடி வெயிலில் வைப்பது. கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. எந்தச் செடிக்கு உறக்கம் வேண்டும், எதற்கு வேண்டாம்

வீனஸ் ஃபிளைட்ராப்புக்கு வேண்டும். நிமிர்ந்த குடுவை இலைகளில் பூச்சி பிடிக்கும் சராசினியாவின் எல்லா இனங்களுக்கும், கலப்புகளுக்கும் வேண்டும். பசை இலைகளால் பூச்சி பிடிக்கும் ட்ரோசெராவில் ரொட்டண்டிஃபோலியா, ஆங்கிலிகா, ஃபிலிஃபார்மிஸ் ஆகியவற்றுக்கு வேண்டும். இன்டர்மீடியாவில் குளிர்நாட்டு வகையும் வெப்பநாட்டு வகையும் இருப்பதால் எந்த ஊர் வகை என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

தொங்கும் குடுவைகள் கொண்ட நெப்பந்தஸுக்கு வேண்டவே வேண்டாம். மேகாலயாவின் காசியானா ஆகட்டும், கடைகளில் தொங்கும் கலப்புகள் ஆகட்டும், ஃபிரிட்ஜில் வைத்தால் கருகிவிடும். ட்ரோசெரா கேப்பென்சிஸ், ஸ்பாத்துலாட்டா, நம் நாட்டிலேயே வளரும் பர்மானி ஆகியவற்றுக்கும் உறக்கம் கிடையாது. ஒட்டும் இலைகளால் பூச்சி பிடிக்கும் மெக்சிகோ நாட்டுப் பிங்குயிகுலா குளிர்காலத்தில் சின்னச் சின்னத் தடித்த இலைகளாக மாறும். அதற்குத் தேவை வறட்சி. தண்ணீரைக் குறைத்தால் போதும், ஃபிரிட்ஜ் வேண்டாம்.

விதையிலிருந்து வந்த குட்டிச் செடிகளை முதல் வருஷம் தூங்க வைக்காமல் வளர்க்கலாம். அவற்றிடம் மூன்று மாதம் தாங்கும் சேமிப்பு இருக்காது. ஐப்பசியில் கூரியரில் வந்திறங்கிய திசு வளர்ப்புச் செடிக்கும் இதே சலுகை கொடுங்கள். வேர் பிடித்து நிற்காத செடிக்கு உறக்கம் ஓய்வாக இருக்காது.

2. புரட்டாசிக்குள் சேர்த்து வைக்க வேண்டியவை

குறைந்தபட்ச வெப்பநிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வெப்பமானி, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர், நீண்ட இழை ஸ்பேக்னம் பாசி, ஜிப் கவர், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, தண்ணீர் பட்டால் அழியாத மார்க்கர், கூர்மையான சின்னக் கத்தரிக்கோல். இவ்வளவுதான். வெப்பமானியை மட்டும் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். ஃபிரிட்ஜின் திருகில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி கணக்கு இல்லை.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் செடிகளுக்கு உப்பு ஆகாது. டிடிஎஸ் மீட்டரில் 50 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இருந்தால் நல்லது. திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் மீட்டரை வைத்தால் பல இடங்களில் நான்கு இலக்கம் காட்டும். அந்தத் தண்ணீர் செடியைக் கொல்லும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகள் கொடுத்து வைத்தவை. ஆனாலும் கோடையில் விநியோகம் மாறி வேறு தண்ணீர் கலந்து வருவதுண்டு, அதனால் ஒவ்வொரு முறையும் மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஆர்ஓ கருவியில் சுவைக்காகத் தாது சேர்க்கும் பகுதி இருந்தால் வெளியே வரும் தண்ணீரே 100க்கு மேல் காட்டும். அப்படியானால் உப்பை வடிகட்டும் மெம்பிரேனிலிருந்து நேராகப் பிடிக்க வழி செய்து கொள்ளுங்கள். ஆர்ஓ கழிவுக் குழாயிலிருந்து வருவதைத் தொடவே கூடாது.

எல்லாவற்றிலும் சிறந்தது மழைத் தண்ணீர். நமக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். உறக்கத்துக்குத் தேவையான தண்ணீரும் அப்போதே கிடைத்துவிடுகிறது. முதல் கால் மணி நேர மழையைப் போக விட்டு, அப்புறம் திறந்த வெளியில் டிரம் வைத்துப் பிடியுங்கள். மொட்டை மாடியில் ஓடி வரும் தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்பும் சிமெண்டும் கரைந்து வரும்.

வீட்டில் சொல்லி அனுமதி வாங்குவதும் இந்தப் படியில்தான் வருகிறது. காய்கறி டிராயரில் பாதியை மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள். சொல்லாமல் வைத்த பொட்டலம் பொங்கலுக்கு ஃபிரிட்ஜைக் கழுவும்போது குப்பைக்குப் போய்விடும்.

3. எந்த வழியில் குளிர் கொடுக்கப் போகிறோம்

செடிக்கு வேண்டியது 2 முதல் 10 டிகிரி வரையிலான குளிர், 10 முதல் 12 வாரம். இதற்குக் கொங்குநாட்டில் இரண்டு வழிகள்தான் நம்பகமானவை: வீட்டு ஃபிரிட்ஜ், அல்லது நீலகிரியின் மேல்பகுதி.

ஏசி அறை ஒத்து வராது. ரிமோட்டில் 16 டிகிரிக்குக் கீழே போகாது, அதுவும் நாள் முழுக்க ஓடாது. கம்ப்ரசர் இல்லாத பெல்டியர் வகைக் குட்டி ஃபிரிட்ஜ்கள் அறை வெப்பத்திலிருந்து 15 முதல் 20 டிகிரி மட்டுமே குறைக்கும். மார்கழியில் சமாளிக்கும், மாசியில் அறை 32 டிகிரி ஆனதும் உள்ளே 15 ஆகிவிடும். கம்ப்ரசர் உள்ள ஃபிரிட்ஜ்தான் வேண்டும்.

மலை என்றால் எந்த மலையும் ஆகாது. வால்பாறையும் ஏற்காடும் நமக்குக் குளிர், இந்தச் செடிகளுக்குப் போதாது. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும், உறைபனியும் விழும். குன்னூர் அதைவிடத் தாழ்வு, கொஞ்சம் மிதமாக இருக்கும், சராசினியாவுக்குப் பரவாயில்லை. அங்கே செடியைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இருந்தால் மட்டும் மலையைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்கு ஃபிரிட்ஜ்தான்.

4. ஐப்பசி: சாப்பாட்டை நிறுத்தி, பகலைக் குறைத்தல்

ஐப்பசி பிறந்ததும் பூச்சி கொடுப்பதை நிறுத்துங்கள். தானாக வந்து விழுவதைத் தடுக்க முடியாது, நாமாகக் கொடுக்க வேண்டாம். பாதி செரித்த பூச்சியோடு பொறி ஃபிரிட்ஜுக்குள் போனால் பூஞ்சணம் அங்கிருந்துதான் தொடங்கும்.

தட்டில் தண்ணீர் நிற்க வைத்து வளர்ப்பவர்கள் நீர்மட்டத்தை மெல்லக் குறையுங்கள். கோடையில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நின்ற இடத்தில் இப்போது அரை சென்டிமீட்டர் போதும். அது வற்றி ஒரு நாள் கழித்து மறுபடி ஊற்றுங்கள். அடைமழை நாட்களில் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்திவிடுங்கள். சொதசொதவென்று நனைந்த மண்ணோடு குளிருக்குப் போகும் கிழங்கு அழுகும்.

விளக்கு வெளிச்சத்தில் வளர்ப்பவர்களுக்குப் பகலைக் குறைப்பது சுலபம்: டைமரை 14 மணியிலிருந்து 12, பிறகு 10 என்று வாரத்துக்கு ஒரு முறை இறக்குங்கள். வெயிலில் வளர்ப்பவர்கள் அடுத்த படிவரை பொறுங்கள். அங்கே பகலும் குளிரும் ஒன்றாகவே தீர்ந்துவிடும்.

சராசினியா லூக்கோஃபில்லா வைத்திருந்தால் அதை மட்டும் கடைசியாக எடுங்கள். அதன் மிக அழகான வெள்ளைக் குடுவைகள் வருஷக் கடைசியில்தான் வரும். அந்தக் குடுவைகள் முற்றிய பிறகு தொடங்கினால் போதும்.

5. இரவில் ஃபிரிட்ஜ், பகலில் வெளிச்சம்: இரண்டு வாரம்

பலரும் தாண்டிச் செல்லும் படி இதுதான். செடி உறக்கத்துக்குத் தயாராவது ஒரு வேலை. பகல் குறுகுவதையும் இரவு குளிர்வதையும் உணர்ந்து, அது இலையில் இருக்கும் சத்தைக் கிழங்குக்கு இறக்கி, புது இலைகளைத் தரையோடு ஒட்டிய குட்டி இலைகளாக மாற்றிக்கொள்ளும். அதற்கு அவகாசம் கொடுக்காமல் 28 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குத் தூக்கிப் போட்டால் பச்சை இலைகளோடு அப்படியே உள்ளே போய் அழுகும்.

மாலை ஐந்தரை மணிக்குத் தொட்டியைத் தட்டில்லாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலை எட்டு மணிக்கு எடுத்து நல்ல வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜுக்குள் இருட்டு என்பதால் செடிக்குப் பகல் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். கரோலினாவின் டிசம்பர் பகலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

முதல் நான்கைந்து இரவுகள் கதவுத் தட்டில் வையுங்கள், ஃபிரிட்ஜில் குளிர் குறைந்த இடம் அதுதான். அப்புறம் கீழ்த்தட்டுக்கு மாற்றலாம். காலையில் எடுத்தவுடன் நேர் வெயிலில் வைக்க வேண்டாம். குளிர்ந்த வேர் தண்ணீரை இழுக்காது, இலை மட்டும் சூடேறி வாடிவிடும்.

இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். ஃபிளைட்ராப்பின் உயரமான இலைகள் ஓரம் கறுக்கும், பொறிகள் தொட்டாலும் சோம்பலாக மூடும் அல்லது மூடாது, நடுவில் புதிதாக வருபவை குட்டையாக இருக்கும். சராசினியாவில் குடுவைகள் மேலிருந்து கீழாகப் பழுக்கும். சில இனங்களில் குடுவையில்லாத தட்டையான வாள் போன்ற இலைகள் கிளம்பும். ஃபிலிஃபார்மிஸ் நூல் போன்ற இலைகளை இழந்து, நடுவில் இறுகிய மொட்டாக மாறிவிடும். இந்தக் கட்டத்தில் பார்ப்பவர்கள் எல்லாரும் “ஏனுங்க, செடி போயிருச்சுங்களா?” என்றுதான் கேட்பார்கள். போகவில்லை. நாம் எதிர்பார்த்தது இதைத்தான்.

6. கார்த்திகை நடுவில்: எடுத்து, கழுவி, சுற்றி வைத்தல்

கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் முதல் வாரத்தில், முழு உறக்கத்துக்கு வைக்கலாம். இதைவிடத் தள்ளிப்போட்டால் எழுப்பும்போது பங்குனி வெயில் வந்துவிடும்.

தொட்டியைக் கவிழ்த்துச் செடியை மண் கட்டியோடு எடுங்கள். வாளித் தண்ணீரில், அதுவும் மழைத் தண்ணீர் அல்லது ஆர்ஓவில், அலசி அலசி மண்ணை விடுவியுங்கள். பிடித்து இழுக்க வேண்டாம்.

இப்போது கையில் இருப்பதைக் கூர்ந்து பாருங்கள். ஃபிளைட்ராப்பின் அடியில் சின்ன வெங்காயம் போல வெள்ளைச் செதில்கள் அடுக்கிய ஒரு கிழங்கு இருக்கும். விரலால் மெல்ல அழுத்தினால் உறுதியாக இருக்க வேண்டும். அதிலிருந்து இறங்கும் வேர்கள் கறுப்பாக இருக்கும், நுனி மட்டும் வெள்ளை. அந்தக் கறுப்பு இயல்பானது. அழுகல் என்று நினைத்து வேர்களை மொத்தமாக வெட்டிவிடுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெட்டியதும் செடிக்கு மாசியில் எழ ஆதாரமே இல்லாமல் போகிறது. அழுகிய வேர் தொட்டால் நசுங்கும், நாற்றம் வரும், தோல் உருவிக்கொண்டு வரும். அதை மட்டும் வெட்டுங்கள். கிழங்கில் பழுப்பு நிற மெத்தென்ற இடம் இருந்தால் வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கி, அரை மணி நேரம் நிழலில் காய விடுங்கள்.

அடுத்தது இலைகள். முழுக்கக் கறுத்தவற்றை அடியோடு வெட்டுங்கள். பச்சையாக இருக்கும் குட்டி இலைகளை விடுங்கள், பொறிகளில் செத்த பூச்சி இருந்தால் அந்தப் பொறியை மட்டும் எடுத்துவிடுங்கள். சராசினியாவின் காய்ந்த குடுவைகளை வெட்டி, பச்சையான பகுதியை 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைக்கலாம். தட்டை இலைகளை வெட்டக் கூடாது. பர்புரியாவும் சிட்டசினாவும் குடுவைகளைக் குளிர்காலம் முழுக்க வைத்திருக்கும் இனங்கள், அவற்றில் காய்ந்ததை மட்டும் எடுங்கள்.

இலை இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. பழைய பல்துலக்கியால் தண்ணீரில் தேய்த்து எடுத்துவிடுங்கள். அதோடு உள்ளே வைத்தால் வெளியே எடுக்கும் நாளில் அதுவும் சேர்ந்தே எழும்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. தோட்டம் உள்ள வீடுகளில் காப்பர் ஆக்சிகுளோரைடு எப்போதும் இருக்கும், கை தானாக அதற்குப் போகும். செம்பு கலந்த மருந்து இந்தச் செடிகளுக்கு ஒத்துக்கொள்ளாது, வேண்டாம். போன வருஷம் பூஞ்சணம் வந்த செடி என்றால் நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து முக்கி எடுத்து, நன்றாக வடிய விடலாம். சுத்தமான செடிக்கு நான் எதுவும் போடுவதில்லை. சாப்பாட்டுப் பொருள் இருக்கும் ஃபிரிட்ஜில் மருந்து இல்லாமல் முடிந்தால் அதுவே மேல். போட்டால் கட்டாயம் மூடி இறுகிய தனி டப்பாவுக்குள் வையுங்கள்.

ஸ்பேக்னம் பாசியை நனைத்து, கையால் இறுக்கிப் பிழியுங்கள். இன்னொரு முறை பிழிந்தால் ஒரு சொட்டும் வரக் கூடாது, ஆனால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். முழு வேலையிலும் கைப்பக்குவம் தேவைப்படும் ஒரே இடம் இது. ஈரம் அதிகமானால் பூஞ்சணம், குறைந்தால் கிழங்கு சுருங்கும். வேரையும் கிழங்கையும் பாசியில் சுற்றுங்கள், நுனி மொட்டும் பச்சை இலையும் வெளியே இருக்கட்டும். ஜிப் கவரில் போட்டு, காற்றை முழுக்க வெளியேற்றாமல் கொஞ்சம் உப்பியபடியே மூடுங்கள். கவரின் மேல் செடியின் பெயரையும் வைத்த தேதியையும் எழுதுங்கள். பெயர் முக்கியம், இலையில்லாத சராசினியாக்களை அப்புறம் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எல்லாக் கவர்களையும் ஒரே டப்பாவில் அடுக்கி, மூடி, ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். பின்சுவரையும் குளிர்காற்றுத் துளையையும் ஒட்டி வைக்க வேண்டாம், அங்கே உறைந்துவிடும். பழங்கள் இருக்கும் டிராயரும் வேண்டாம். ஆப்பிளும் பப்பாளியும் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு இலைகளை முதிரச் செய்யும். வெப்பமானி 3 முதல் 7 டிகிரிக்குள் காட்டுகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள்.

“இருட்டில் மூன்று மாதமா?” என்று தயங்குபவர்கள் உண்டு. 5 டிகிரியில் செடியின் செலவு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, அதனால் வெளிச்சம் இல்லாமல் தாங்கும். 12, 15 டிகிரியில் செலவு நடந்துகொண்டே இருக்கும், அப்போது இருட்டு கொல்லும். 10 டிகிரிக்கு மேல் போனால் வெளிச்சம் வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்தடைக்குப் பயப்பட வேண்டாம், கதவைத் திறக்காமல் விட்டால் சில மணி நேரம் குளிர் நிற்கும்.

7. தொட்டியோடு வைக்க விரும்பினால்

இடம் இருந்தால் வைக்கலாம், வேருக்குத் தொந்தரவு குறைவு. இலைகளைச் சுத்தம் செய்து, மண் ஈரம் மட்டும் இருக்கும்படி வடிய விட்டு, தொட்டியைப் பெரிய கவரில் போட்டு மேலே தளர்வாக மூடுங்கள். ஈர மண் அதிகம் இருப்பதால் பூஞ்சணம் வரும் வாய்ப்பும் அதிகம், வாரம் ஒரு முறை பார்க்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு செடி வைத்திருப்பவருக்கு இது சரி. பத்துச் செடி என்றால் கட்டுப்படியாகாது.

8. மலைக்கு அனுப்புபவர்களுக்கு

மலையில் ஐந்தாம் படி தேவையில்லை, அங்கே குளிர் தானாகவே மெல்ல இறங்கும். ஐப்பசிக் கடைசியில் தொட்டியோடு கொண்டுபோய், காலை வெயில் படும் இடத்தில், நேரடி உறைபனி விழாதபடி கூரையின் ஓரத்துக்குள் வைத்துவிட்டு வாருங்கள். ஃபிளைட்ராப்பும் சராசினியாவும் லேசான உறைபனியைத் தாங்கும். சின்னத் தொட்டியில் வேர் முழுவதும் உறைந்து உறைந்து உருகுவதுதான் கெடுதல். அதனால் தொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கினால் நல்லது.

ஊட்டிக்கு வெளியூர் வண்டியில் போக இ-பாஸ் கேட்கிறார்கள், முன்பே எடுத்துவிடுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சின்னத் தண்ணீர் பாட்டில்களையும் சோதனைச் சாவடியில் வாங்கிவிடுவார்கள். செடிக்கான தண்ணீரைப் பெரிய கேனில் கொண்டுபோங்கள்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். செடி தொட்டியிலேயே இருக்கட்டும். மலையின் சதுப்பிலோ புல்வெளியிலோ ஒரு சராசினியாவைக்கூட நட்டுப் பார்க்காதீர்கள், விதை சிந்தவும் விடாதீர்கள். ஐரோப்பாவின் சதுப்புகளில் யாரோ நட்ட பர்புரியா பரவி, அங்குள்ள பாசிகளை அமுக்கிக்கொண்டிருக்கிறது. நீலகிரிப் புல்வெளியில் இயற்கையாகவே ட்ரோசெரா பெல்டாட்டா வளர்கிறது. அதன் இடம் அதற்கே இருக்கட்டும், அதைப் பறித்து வரவும் வேண்டாம்.

9. மார்கழி, தை: எட்டிப் பார்ப்பது

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டப்பாவைத் திறந்து ஒவ்வொரு கவரையும் விரித்துக் காற்று மாற்றுங்கள். மூன்று நிமிட வேலை.

வெள்ளை நூல் போலப் பூஞ்சணம் தெரிந்தால் அந்தச் செடியை எடுத்து, பாதித்த இலையை வெட்டி, கழுவி, புதிய பாசியில் சுற்றுங்கள். பழைய பாசியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பாசி வெளிறிச் சரசரவென்று இருந்தால் நாலைந்து சொட்டு தெளியுங்கள். கவரின் உட்புறத்தில் நீர் வழிந்தால் ஒரு மணி நேரம் திறந்து வைத்து, துடைத்துவிட்டு மூடுங்கள்.

இலைகள் ஒவ்வொன்றாகக் கறுக்கும். கவலை வேண்டாம். கிழங்கை அழுத்திப் பாருங்கள், உறுதியாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

10. மாசி: எழுப்புதல்

மாசி முதல் வாரத்திலிருந்து எடுக்கலாம், பிப்ரவரி முடிவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். நம் ஊருக்கு இந்தக் கெடு ரொம்ப முக்கியம். பங்குனியில் கோவையே 35 டிகிரியைத் தொடும், ஈரோடும் கரூரும் அதைத் தாண்டும். அதற்குள் செடிக்கு வேர் ஓடியிருக்க வேண்டும், நாலைந்து புது இலைகள் வெயிலுக்குப் பழகியிருக்க வேண்டும்.

மண் மாற்றவும் பிரிக்கவும் ஏற்ற நேரம் இதுதான், செடி எப்படியும் கையில்தான் இருக்கிறது. உரம் கலக்காத பீட் பாசி (சதுப்பில் மக்கிய பாசி) இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளைத் துகள்) ஒரு பங்கு. பொள்ளாச்சி பக்கத்தில் இருப்பதால் தேங்காய் நார்த்தூள் எல்லார் வீட்டிலும் மலிவாகக் கிடைக்கிறது, புதியவர்கள் பாதிப் பேர் அதில்தான் நடுகிறார்கள். அதில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய. தென்னை மரத்துக்கு அது ஒன்றும் செய்யாது, இந்தச் செடியின் வேரைக் கருக்கிவிடும். ஒரு பிடியை ஆர்ஓ தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து மறுநாள் அந்தத் தண்ணீரில் மீட்டரை வையுங்கள், உங்களுக்கே தெரியும். மண்புழு உரம், தொழு உரம் எதுவும் வேண்டாம். மண் தொட்டியும் வேண்டாம், உப்பு ஊறி வரும். 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள பிளாஸ்டிக் தொட்டி போதும், வெள்ளை நிறமாக இருந்தால் கோடையில் வேர் சூடாகாது.

கிழங்கின் வெள்ளைப் பகுதி மண்ணுக்குள்ளும், வளரும் நுனி மண் மட்டத்திலும் இருக்கும்படி நடுங்கள். நுனி புதைந்தால் அழுகும். ஒரே கிழங்கில் இரண்டு நுனிகள் தனித்தனி வேரோடு இருந்தால் இப்போது பிரித்துவிடலாம். ஒட்டியிருப்பதைக் கத்தியால் பிளக்க அவசரப்பட வேண்டாம், அடுத்த வருஷம் தானாகப் பிரியும்.

முதல் நான்கு நாட்கள் வீட்டுக்குள் நல்ல வெளிச்சத்தில். அடுத்த நான்கு நாட்கள் வெளியே நிழலில். அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம், இரண்டு நாளுக்கு ஒரு முறை அரை மணி கூட்டுங்கள். மூன்று வாரத்தில் நான்கைந்து மணி நேர நேர் வெயிலுக்கு வந்துவிடலாம். இருட்டில் இருந்த இலையில் வெயிலைத் தாங்கும் நிறமி இருக்காது. மாசி மத்தியான வெயில் ஒரே நாளில் அதை வெந்து போகச் செய்துவிடும். பிழைத்த செடிகளில் பாதி இந்தக் கடைசி வாரங்களில்தான் கை நழுவுகின்றன, அதுவும் ஆர்வத்தால்.

ஃபிளைட்ராப்பில் முதல் இலைகளோடு ஒரு உருண்டைத் தலைத் தண்டு கிளம்பும். அது பூந்தண்டு. பொறி தட்டையாக வரும், இது உருண்டையாக நிமிர்ந்து வரும், அதை வைத்துப் பிரித்தறியலாம். 5 சென்டிமீட்டர் வளர்ந்ததும் வெட்டிவிடுங்கள், பூவுக்குப் போகும் சத்து பொறிகளுக்குப் போகட்டும். சராசினியாவில் பல இனங்கள் குடுவைக்கு முன்பே பூக்கும். பெரிய செடி என்றால் விட்டுவிடுங்கள், அந்தப் பூவைப் பார்க்காமல் விடுவது பாவம்.

புதிய பொறிகள் மூன்று, நான்கு திறந்து, தொட்டால் சுறுசுறுப்பாக மூடிய பிறகுதான் முதல் பூச்சி. சித்திரை பிறந்ததும் பதினொரு மணிக்கு மேல் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே மாற்றிவிடுங்கள்.

11. எழாத செடி

ஃபிளைட்ராப் நட்டு இரண்டு, மூன்று வாரத்தில் நடுவில் பச்சை முளை தெரியும். ட்ரோசெராவின் மொட்டுகள் அதைவிடச் சீக்கிரம் விரியும். சராசினியா நிதானம், ஒரு மாதத்துக்கு மேலும் எடுக்கும், பெரிய கிழங்கு இன்னும் தாமதிக்கும்.

அதுவரை எதுவும் தெரியாவிட்டால் தோண்டிப் பார்க்காமல், விரலால் மண்ணை விலக்கிக் கிழங்கை மட்டும் தொடுங்கள். உறுதி இருந்தால் மூடிவிட்டுப் பொறுங்கள். மேல்பகுதி மெத்தென்று இருந்தால் எடுத்து, வெள்ளைச் சதை வரும்வரை வெட்டி, மிஞ்சிய துண்டைப் புதிய ஸ்பேக்னத்தில் பாதி புதைத்து, ஈரமும் வெளிச்சமும் உள்ள நிழலில் வையுங்கள். பட்டாணி அளவு துண்டிலிருந்தும் பக்க முளை வரும். ஆடி மாதம்வரை அதைக் குப்பையில் போடாதீர்கள்.